நீர்க்குறியும் நாணமும்

தமிழ் இலக்கணம் சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கும். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு, இடக்கரடக்கலுக்கு ஆசிரியர் காட்டிய எடுத்துக்காட்டு மறந்திராது. 'கால் கழுவி வந்தேன்' என்பது அது. அவையில் சொல்லத்தகாத ஒன்றை வேறொரு சொல்லால் சொல்லுதல். வகுப்பில் சிரிப்பு எழும். ஆசிரியரும் விரைந்து மங்கலத்துக்குப் போய்விடுவார். ஆனால் அவ்விடத்தில் சற்று நின்று எண்ணினால், இது மறைப்பதற்கென எழுந்த விதி அன்று என்பது விளங்கும். மறைப்பதே நோக்கமாயின் வாய் திறவாதிருந்தாலே போதும். அதற்கு இலக்கணம் எதற்கு? சொல்லியே ஆக வேண்டியதை, சொல்பவரும் கேட்பவரும் குன்றிப்போகாமல் சொல்வதற்கென மொழி தானே திறந்து வைத்த வாயில் அது.

அந்த வாயிலை நம் இல்லங்களில் ஒரு செய்திக்கு மட்டும் அடைத்துவிட்டோம். முதியவர்களின் சிறுநீரைப் பற்றிய செய்தியே அது.

பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்வோம். 1995-இல் திருச்சி மாவட்டத்தினின்று பெரம்பலூர் பிரிந்தது. அதனின்று அரியலூர் 2007-இல் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முன்னதில் ஏறத்தாழ 5.65 லட்சம் பேர், பின்னதில் 7.55 லட்சம் பேர். ஒருபுறம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மறுபுறம் முந்திரித் தோப்புகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். மானாவாரி மண், கடுமையான வெயில். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, வீட்டைக் காப்பவர்கள் முதியவர்களே. நாள்தோறும் கைப்பேசி ஒலிக்கிறது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, முழங்கால் வலி எப்படி என்னும் கேள்விகளுக்குக் குறைவில்லை. 'ராத்திரி எத்தனை தடவை எழுந்தாய்?' என்று கேட்கும் மகன் அரியன். கேட்டாலும் மறுமொழி கூறும் தந்தை அதனினும் அரியர்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. பெற்றவரின் உடலில் அவர் மறைத்து வைப்பதை அறியும் உரிமை அன்புக்கு உண்டா? முதுமையில் மனிதன் ஒவ்வொன்றாக இழக்கிறான். கண்ணை, காதை, நடையை, வரவு செலவுக் கணக்கை. எஞ்சி நிற்கும் சிற்றரசு ஒன்று உண்டென்றால் அது கதவைத் தாழிட்டுக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களே. அதற்குள்ளும் நுழைய வேண்டுமா? நுழையாதிருந்தால் வரும் கேட்டுக்கு யார் பொறுப்பு?

சிறுநீரைக் கூர்ந்து நோக்குவது நமக்குப் புதியது என்று யாரும் எண்ண வேண்டா. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நீரும் ஒன்று. நீர்க்குறி, நெய்க்குறி என அதை இரண்டாக வகுத்த நூல் தேரையர் பெயரால் வழங்குகிறது. நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என ஐந்தைப் பார்ப்பது நீர்க்குறி. விடியற்காலை நீரைக் கலத்தில் ஏந்தி, ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பர். எண்ணெய்த் துளியை நம்பி மருந்து கொள்ளும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த வைத்தியர் முன்னிலையில் நோயாளி தம் நீரைத் தாமே கையில் ஏந்தி வந்து பகல் வெளிச்சத்தில் வைத்தார் என்பதை மறக்கலாகாது. அங்கே நாணத்துக்கும் இடம் இருந்தது, நோக்கத்துக்கும் இடம் இருந்தது.

ஊரில் வேறொரு சோதனையும் இருந்தது. கொல்லையில் நீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால், 'சர்க்கரை வந்துவிட்டது போலும்' என்பார்கள். இதைக் கிண்டலாக எண்ணுவோர் உண்டு. ஆனால் நம் பண்டை மருத்துவர்கள் மதுமேகம் என்று பெயரிட்டதும், ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 17-ஆம் நூற்றாண்டில் நாவினால் சுவைத்து இனிப்பென்று எழுதியதும், மாத்யூ டாப்சன் 1776-இல் அந்த நீரை வற்றக் காய்ச்சி அதில் சர்க்கரையைக் காட்டியதும் எறும்பின் வழியிலேயே. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்பவர் 1827-இல் சிறுநீரக நோயைப் பற்றி எழுதியபோது, அவர் கையாண்ட கருவிகள் ஒரு கரண்டியும் ஒரு மெழுகுதிரியும். கரண்டியில் நீரைக் காய்ச்சினால் முட்டை வெண்கருபோல் திரையும். அது சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது என்பதற்கு அடையாளம். நம் தலைமுறையில் பலர் ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசலைக் கண்டிருப்பர். நீலக் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 துளி, கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏறும் அந்தப் படிகள்! இன்று காகிதப் பட்டை நனைத்த சிறிது நேரத்தில் விடை சொல்கிறது.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரையைப் பொறுத்தவரை சிறுநீர் காலந்தாழ்த்தியே உண்மை பேசும். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது நீரில் வழியும். வயது ஏற ஏற இந்த வரம்பும் பலருக்கு உயர்ந்துவிடும். ஆகவே பட்டை நிறம் மாறவில்லை, எறும்பும் வரவில்லை என்று முதியவர் ஆறுதல் கொள்வதற்கில்லை. இரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டில் பார்க்கத்தக்கது எது? மருத்துவர்கள் கேட்பது மிகவும் எளியது. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு தாள், மூன்று நாள். எந்நேரம் எவ்வளவு குடித்தார், எந்நேரம் எவ்வளவு கழித்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், அறியாமல் கசிந்ததுண்டா என்பவை. நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை என்பது பொதுவான கணக்கு. இரவில் ஒருமுறை எழுவது முதுமைக்கு இயல்பு. இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறினால் காரணம் பலவாகலாம். ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். அறுபதை எட்டிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தொடங்கியிருக்கும். சர்க்கரை, இதயத் தளர்ச்சி, பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் திரும்பி வருதல், இரத்த அழுத்தத்துக்கென மாலையில் விழுங்கிய நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரையைக் காலையில் மாற்றித் தரலாமா என்று மருத்துவரைக் கேட்டாலே சிலர் உறக்கம் மீளும். அவர் கேட்பதற்கு, முதலில் யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

நிறமும் பேசும். வெளிர் வைக்கோல் நிறம் நலம். தேயிலைச் சாறுபோல் கருத்தால் குடித்த நீர் போதாது. காசநோய் மாத்திரை ஆரஞ்சாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும், பி-காம்ப்ளெக்ஸ் மஞ்சளாக்கும். அவற்றுக்கு அஞ்ச வேண்டா. ஆனால் வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை இரத்தம் கலந்து போனாலும், மறுநாள் தெளிந்துவிட்டது என்று விட்டுவிடலாகாது. வலியில்லாத இரத்தமே பெரிய நோயின் முதல் தூதாக வருவதுண்டு. நாள்தோறும் நீங்காத நுரை நின்றால், பிரைட்டின் கரண்டியை நினைவுகூரலாம். நீர் வெளிவராமல் அடிவயிறு கல்போல் திரண்டு நின்றால், விடியட்டும் என்று காத்திருக்கும் நேரம் அதுவன்று.

இன்னொன்று உண்டு, என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. முதியவர் ஒருவர் ஓயாமல் சொட்டுச் சொட்டாகக் கசியவிடுகிறார். பார்ப்பவர்கள் பைக்குப் பிடிப்பில்லை, கட்டுப்பாடு போயிற்று என்று துணியைக் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பலருக்கு அது வெறுமையின் கசிவன்று, நிறைவின் வழிதல். வழி அடைபட்டு, பை முட்ட நிரம்பி, கொள்ள மாட்டாமல் வழிகிறது. துணி கட்டுவது நோயை மூடுவதாகும். சிறுநீரகம் உள்ளே அழுத்தத்தில் கெட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் பேச மாட்டாத முதியவர் திடீரென ஒரு நாள் சிறு காரணத்துக்குச் சினந்து வெடிப்பதும் சிலவேளை இப்படிப்பட்ட வழிதல்தான்.

பெண்களின் நிலை இதனினும் வேறானது. பருத்திக் காட்டிலோ முந்திரித் தோப்பிலோ நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் பெண், ஒதுங்க இடம் இல்லாமையால் தண்ணீரையே குடிக்காமல் இருக்கப் பழகுகிறாள். இளமையில் பழகிய இந்த நோன்பை அறுபதிலும் எழுபதிலும் அவள் விடுவதில்லை. இருமினால் கசிகிறது, சிரித்தால் கசிகிறது. ஆகவே திருமணத்துக்குப் போவதில்லை, பேருந்தில் ஏறுவதில்லை, கோயிலில் பின்வரிசையில் வாசலோரம் நிற்கிறாள். பல பிள்ளை பெற்றதால் வந்த கருப்பை இறக்கத்தை மகளுக்கும் சொல்லாமல் சுமப்பவர்கள் உண்டு. இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியை ஆர்னால்டு கீகல் என்னும் மருத்துவர் 1948-இல் எழுதிவிட்டார். அது இன்னும் இவள் காதை எட்டவில்லை. அரியலூர்ப் பக்கம் கல்லடைப்பு வந்தால் பழியைச் சுண்ணாம்புத் தண்ணீர்மேல் போடுவது வழக்கம். மருத்துவர் முதலில் கேட்பதோ, எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்பதையே. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து உழவர்களிடையே பரவிய, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ காரணமாகாத சிறுநீரக நோயை எண்ணினால், வெயிலில் உழைப்போரின் தாகம் சிறிய செய்தியன்று என்பது புலப்படும்.

இனி, அந்த அறக்கேள்விக்கு வருவோம். தொடக்க நூலில் நோவாவின் கதை உண்டு. தந்தை ஆடையின்றிக் கிடக்கிறார். ஒரு மகன் கண்டான். கண்டதை வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் போர்வையைத் தோளிலிட்டுப் பின்னோக்கி நடந்து சென்று, பாராமலே போர்த்தினார்கள். முதல்வன் பழிக்கப்பட்டது கண்டதற்கா, வெளியே கொண்டுபோனதற்கா? வெளியே கொண்டுபோனதற்கே என்பது என் கருத்து. ஆயினும் பின்னோக்கி நடந்த மைந்தரின் வழியையும் நாம் அப்படியே கொள்ள முடியாது. தந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தால், அவர்கள் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் வழங்கும் மரபுச் செய்தி நம்மில் பலர் அறிந்ததே. வீரமாமுனிவர், அரியலூர் மழவராயர் மரபின் குறுநில மன்னர் ஒருவரின் ராஜபிளவையை ஆற்றினார் என்றும், மன்னர் நன்றியாகக் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் சொல்லுவர். ராஜபிளவை பிடரியிலும் முதுகிலும் வரும் கட்டி. சர்க்கரை உள்ளவர்களை மிகுதியாகப் பற்றுவது. மன்னரானாலும் தம் முதுகைத் தாம் காண முடியாது. அரண்மனைக்குள் அயலவர் ஒருவர் முன் மேலாடையை நீக்கி முதுகைக் காட்ட அவருக்கு மனம் வந்திருக்க வேண்டும். தொன்னூல் விளக்கம் எழுதிய அந்த இலக்கண ஆசிரியர், நோயாளியிடம் எச்சொல்லால் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கேட்கும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'அப்பா, தூக்கம் கெடுகிறதா?' என்பது ஒரு சொல். 'மறுபடியும் நனைத்துவிட்டீர்களா?' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே செய்தியையே நாடுகின்றன. முதலாவது இடக்கரடக்கல், இரண்டாவது குற்றப்பத்திரிகை. யார் கேட்பது என்பதும் உண்டு. மாமனார் மருமகளிடம் இதைச் சொல்ல மாட்டார்; சொல்லும்படி வற்புறுத்துவது அவரை வதைப்பதாகும். மகனிடமும் தயங்குவார். பேரனிடம் சொல்லிவிடுவார். தாத்தாவும் பேரனும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம் என்று நம் உறவுமுறை முன்னமே இசைவு தந்திருக்கிறது. அந்தக் கேலியின் நிழலில் பல உண்மைகள் வெளிவரும். மாமியாருக்கு மருமகளைவிட அண்டை வீட்டுத் தோழியே காது. இதையெல்லாம் அறிந்து நடப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

பார்ப்பதற்கும் எல்லை வேண்டும். பிள்ளைகள் வாங்கி அனுப்பும் பட்டைகளை வைத்துக்கொண்டு வாரந்தோறும் முதியவரைச் சோதிக்கும் வீடுகளும் இப்போது தோன்றியிருக்கின்றன. நோய்க்குறி ஒன்றுமின்றியே முதியோரின் சிறுநீரில் நுண்ணுயிர்கள் வாழ்வதுண்டு. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேரிடம் அவை காணப்படுகின்றன. அவர்களுக்கு மருந்து கொடுப்பதால் நன்மையில்லை. கிருமிகள் மருந்துக்கு அஞ்சாமல் பழகுவதே மிச்சம். சற்றுக் கலங்கல், சற்று நாற்றம் என்பதற்காக நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுப்பது அன்பாகாது. எரிச்சல், காய்ச்சல், புதிதாய் வந்த கசிவு, அடிவயிற்று வலி இவை இருந்தால் மருத்துவரிடம் செல்லலாம். திடீரெனப் பேச்சுக் குழறி, ஆள் தெரியாமல் போனால் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் சிறுநீரே காரணம் என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதலாகாது. பட்டையைப் பார்த்து ஆளைப் பாராமல் விடுவதுதான் கண்காணிப்பின் கேடு.

அந்தத் தாளை யார் வைத்திருப்பது? என் மனத்தில் ஐயமில்லை. முதியவரே வைத்திருக்க வேண்டும். அவர் உடல், அவர் கணக்கு. வேண்டும்போது மகனுக்குப் படித்துச் சொல்லட்டும், வேண்டாதபோது மடித்துத் தலையணைக்கடியில் வைக்கட்டும். நினைவு தவறியவர்களுக்காகப் பிறர் எழுத நேரும். அப்போதும் அதைத் திண்ணையில் உரக்கப் படிக்கலாகாது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பாயம் ஆணையிடலாம். இரவில் அந்தக் குவளையை யார் கழுவுவது என்று எத்தீர்ப்பாயமும் ஆணையிட முடியாது. கழுவுபவர் பெரும்பாலும் பெண் என்பதையும், அவருக்கும் முதுகுவலி உண்டு என்பதையும் வெளியூர்ப் பிள்ளைகள் நினைவில் கொள்வது நன்று.

உதவிகள் முன்போல் தொலைவில் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. கைப்பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதே, 'பாட்டி, ராத்திரி எத்தனை தடவை?' என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். எழுதத் தெரியாத பாட்டிக்குத் தாளும் வேண்டா. படுக்கையருகே ஒரு கொட்டாங்கச்சியும் ஒரு பிடி புளியங்கொட்டையும் இருக்கட்டும். எழும்போதெல்லாம் ஒன்றை அதில் போட்டுவிட்டுப் போகட்டும். காலையில் எண்ணிப் பார்ப்பவர் அவர். கேட்பவரிடம் எண்ணை மட்டும் சொன்னால் போதும். வேறொரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.